எண்ணெய் ஊற்றிய கை

நௌபரின் லொறி பின்பக்கமாக முற்றத்துக்குள் ஏறி நின்றபோது, தம்பையா சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். லொறி எதை ஏற்றிக்கொண்டு வருகிறது என்பது அவருக்கு முதல்நாளே தெரியும். பசறை ரோட்டு வளைவில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து, அதை ஓட்டி வந்த கொழும்புப் பல் டாக்டரின் மணிக்கட்டு உடைந்துவிட்டது. அந்தச் செய்தி பதுளையைச் சுற்றி ஹாலிஎலக்கு வந்து சேர்வதற்குள் அதற்கு ஒரு வாலும் முளைத்திருந்தது. கராஜில் எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டார்களாம்.

கராஜ் என்றால் தம்பையாவின் கராஜ். ரயில் பாதைக்குச் சற்று மேலே, பதுளை வீதியைப் பார்த்தபடி இருக்கிறது. வாசலில் 'தம்பையா அன் டோட்டர்' என்று மூன்று மொழியிலும் பலகை. அதை எழுத வந்த பெயின்டர், "சன்னுன்னுதானே போடணும்" என்று இரண்டு தரம் கேட்டான். மூன்றாம் தரம் கேட்டிருந்தால் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார். மகன் இல்லாத குறைக்கு மகளைப் போட்டிருக்கிறார் என்று ஊரில் சொன்னார்கள். குறை எங்கே இருக்கிறது, வேலையில் காட்டு என்று கேட்பார் தம்பையா. இதுவரை யாரும் காட்டியதில்லை.

வேலை முழுக்க மகள் துஷாந்தினியுடையது. பதுளையில் படித்து, கொழும்பில் பெரிய பைக்குகளை மட்டும் பார்க்கிற ஓர் இடத்தில் பல வருடம் கை பழகி, ஊருக்குத் திரும்பி வந்தவள். நெடும்பயணத்துக்கென்றே செய்த அந்த வண்டிகளில் செயின் கிடையாது. எஞ்சின் சுற்றும் சுற்றை ஷாஃப்ட் என்கிற ஓர் இரும்புத் தண்டு பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும். சக்கரத்தின் நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு பெட்டி. அதற்குள் இரண்டு பற்சக்கரங்கள் எண்ணெயில் முங்கியபடி தண்டின் சுற்றைத் திருப்பிச் சக்கரத்துக்குக் கொடுக்கும். செயின் வண்டியில் கோளாறு வந்தால் தெருவில் போகிறவனுக்கும் கண்ணில் படும். ஷாஃப்ட் வண்டியில் எல்லாம் மூடிக்குள் நடக்கும். மூடியவரின் கையை நம்பித்தான் ஓட்ட வேண்டும். அதனால் அந்த வண்டிக்காரர்கள் யாரிடமும் லேசில் வண்டியை விடமாட்டார்கள். நாடு முழுக்க அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. கண்டியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹாலிஎலக்கு வண்டி வருவது அந்தக் குழுவில் ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டுத்தான்.

லொறியிலிருந்து வண்டியை இறக்கினார்கள். கூட வந்த காரிலிருந்து ஜெயரட்ணம் இறங்கினார். சுற்றுலாக் கொம்பனி ஒன்றின் பதுளை மனேஜர். பயணம் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் கொம்பனியின் ஐந்து ஷாஃப்ட் வண்டிகளையும் துஷாந்தினிதான் பார்த்து வந்தாள்; டாக்டர் ஓட்டியது அதில் ஒன்று. ஜெயரட்ணம் யாழ்ப்பாணத்து ஆள். இதற்கு முன் வங்கியில் இருந்தவர். குரலை உயர்த்த மாட்டார். அதுதான் தம்பையாவுக்குப் பிடிக்கவில்லை. கத்துகிறவனோடு சண்டை போடலாம். தாழ்ந்த குரலில் பேசுகிறவனை என்ன செய்வது?

தம்பையா நௌபரைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டு கையையும் தூக்கினான். "அண்ணே, நான் லொறிக்காரன். ஏத்தச் சொன்னாங்க, ஏத்திக்கிட்டு வந்தேன். என்னைய மொறைச்சு என்னா செய்ய?"

ஜெயரட்ணம் கேட்ட காரியம் பெரிய விஷயம் போலத் தெரியவில்லை. விழுந்த டாக்டர் அந்தக் குழுவில் முக்கியமான ஆள். யாருடைய பிழை என்று அவர் எல்லார் முன்னாலும் கேட்கிறார். கொம்பனி பழைய வண்டியை வாடகைக்கு விட்டது என்ற பேச்சு வராமல் இருக்க வேண்டும். துஷாந்தினி போனுக்கு முன்னால் நின்று, எண்ணெய் ஊற்ற மறந்துபோனேன், மன்னிக்கவும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அதோடு முடிந்தது. நட்டஈடு கேட்கமாட்டார்கள். மற்ற நான்கு வண்டிகளும் வழக்கம் போல இங்கேயே வரும்.

"ஆர்தான் மறக்கேல்லை, ஐயா? நானும் ஒருக்கா வங்கிப் பெட்டகத்தைப் பூட்டாமல் வீட்டை போனனான்" என்றார் ஜெயரட்ணம். "சொன்னால் சனம் மறந்துபோடும்."

"எம்மவ மறக்கல" என்றார் தம்பையா. "மறந்தேன்னு சொல்லவும் மாட்டா. மொதல்ல பெட்டியத் தெறங்க. எல்லாரும் பாக்கத் தெறங்க."

துஷாந்தினி வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினாள். பின்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது உள்ளே டொக் டொக் என்று கேட்டது. அப்படிக் கேட்கவே கூடாது. பெயரிங் போய்விட்டது என்று தம்பையாவுக்கும் விளங்கியது. மடுல்சீமைத் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர் அவர். அடியில் இருந்த எண்ணெய் ஆணியைக் கழற்றினாள். ஒரு கரண்டி அளவுக்குத் தார் போன்ற எண்ணெய் வடிந்து நின்றது. ஆணியின் முனையில் உள்ள காந்தத்தில் இரும்புத் தூள் மயிர்க்கொட்டிப் புழு போலச் சிலிர்த்து ஒட்டியிருந்தது.

"பாத்தியளே?" என்றார் ஜெயரட்ணம், வருத்தத்தோடுதான்.

"எண்ணெ இல்லேன்னா ஊத்தலேன்னு அர்த்தமா? ஊத்துனது வெளிய போயிருக்கும்."

வெளியே போயிருந்தால் சக்கரத்தில் தடம் இருக்க வேண்டும் என்றார் ஜெயரட்ணம். இருந்திருக்கலாம். ஆனால் பயணம் வந்தவர்கள் தங்கியிருந்த ஹோட்டலின் பையன்கள் படம் எடுப்பதற்கு முன்பே வண்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டார்கள். அது தன் பக்கத்துத் தவறு என்று அவரே ஒத்துக்கொண்டார். மனிதர் நேர்மையானவர்தான். எண்ணெய் ஊற்றவில்லை என்று மெய்யாகவே நம்பினார்.

துஷாந்தினி சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தாள். பெட்டியின் வாயில் எண்ணெய் கசியாமல் அடைத்திருக்கும் 'சீல்' என்கிற ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுடைய புருவம் சுருங்கியது. பிறகு, தம்பையா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் கை பெட்டியின் மேல்பக்கம் போனது. அங்கே திருகாணிக் கொண்டை அளவில் ஒரு சின்னக் குமிழ். ஸ்குரூடிரைவர் முனையால் அதைச் சுரண்டினாள். சுரண்டிய கை அப்படியே நின்றது. எதையோ உள்ளங்கையில் மடக்கிக்கொண்டாள்.

எழுந்தபோது அவள் தகப்பனைப் பார்க்கவில்லை.

"நான் சொல்றேன் சார். வீடியோ எடுங்க."

தம்பையா மகளுக்கும் ஜெயரட்ணத்துக்கும் இடையில் போய் நின்றார்.

இந்த வீட்டில் இது புதிதல்ல. அவருடைய தகப்பன் மடுல்சீமையில் கொழுந்து அரைக்கிற ரோலரில் வேலை பார்த்தவர். ஒருநாள் வார் அறுந்து மெஷின் நின்றது. வார் தேய்ந்து நாளாகியிருந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கணக்கப்பிள்ளை வந்து, தூங்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, தோட்டத்துத் துரை இரண்டு நாள் வேலை நிறுத்துவதோடு விட்டுவிடுவார், இல்லாவிட்டால் வேலையே போய்விடும் என்றார். தகப்பன் பிள்ளைகுட்டிக்காரர். சொன்னார். துரை சொன்னபடியே இரண்டு நாளோடு விட்டுவிட்டார். ஆனால் லயத்து வீடுகளில் இருந்த சனம் விடவில்லை. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்குத் 'தூங்கி வீடு' என்று பெயர். தம்பையா காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றாலும், தொழிற்சாலையில் பெரிய பிட்டராகி எல்லா மெஷினையும் கையில் வைத்திருந்தபோதும், அந்தப் பெயர் முதுகுக்குப் பின்னால் நடந்து வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் உள்ளறையிலிருந்து ஒரு குரல், "யாரு, தூங்கி வீட்டுப் பையனா?" என்று கேட்டது. அந்த வீட்டுப் பெண்ணை அவர் கட்டவில்லை. செய்யாத தப்பை ஒத்துக்கொண்டால் வயிறு பிழைக்கும், பெயர் பிழைக்காது என்பதை வாழ்ந்தே அறிந்தவர் அவர்.

இப்போது மகள், யாரும் அடிக்காமல் மிரட்டாமல், தானாகவே போய் நிற்கிறாள்.

"கொஞ்சம் இருங்க" என்று ஜெயரட்ணத்திடம் சொல்லிவிட்டு, மகளைப் பின்னால் சாமான் அறைக்கு வரச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

"எண்ணெ ஊத்துனியா இல்லையா?"

"ஊத்துனேன்."

"மட்டம் பாத்தியா?"

"பாத்தேன்பா."

"அப்ப என்னாத்துக்கு அப்பிடிச் சொன்ன?"

கொம்பனி வேலை போய்விடும் என்று பயமா என்று கேட்டார். இல்லை என்றாள். அந்த ஆள் தனியாகப் போனில் ஏதும் சொன்னானா என்று கேட்டார். அதுவும் இல்லை. விடுங்கப்பா, ஒரு நிமிஷப் பேச்சு, நாளைக்கு எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றாள். நாற்பது வருடமாக யாரும் மறக்கவில்லை என்று சொல்ல வந்த தம்பையா, அதைச் சொல்லாமல் அவளுடைய மடக்கிய கையைப் பிடித்தார்.

கருகிய கியர் எண்ணெய்க்கு ஒரு நாற்றம் உண்டு. அழுகிய முட்டையும் வெடிமருந்தும் கலந்த மாதிரி இருக்கும். அந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அது பழகிப்போகும். மகளின் கையிலிருந்து வந்தது அந்த நாற்றம்தான். ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. தம்பையா கையை மூக்கருகே கொண்டுபோனார்.

சந்தனம்.

விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். உள்ளங்கையில் மஞ்சளும் கறுப்புமாக, கல் போல இறுகிய ஒரு சிறு கட்டி.

போன மாதம் ஆயுத பூசையன்று கொம்பனியின் ஐந்து வண்டிகளும் முற்றத்தில் வரிசையாக நின்றன. முதல்நாள்தான் துஷாந்தினி எல்லாவற்றுக்கும் எண்ணெய் மாற்றி முடித்திருந்தாள். ஸ்பெனர்களெல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வாழை இலையில் இருந்தன. தொழிற்சாலையில் அந்த நாளில் ஒவ்வொரு மெஷினுக்கும், ஒவ்வொரு பெயரிங் மூடிக்கும், ஒவ்வொரு கியர்ப் பெட்டியின் உச்சிக்கும் சந்தனம் வைப்பது பெரிய பிட்டரின் உரிமை. துரைகூட அதில் கை வைக்க மாட்டார். அந்தப் பழக்கத்தில் தம்பையா இங்கேயும் ஐந்து வண்டிகளுக்கும் தன் கையாலேயே வைத்தார். ஹெட்லைட்டுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, பின்பெட்டிக்கு ஒன்று. பின்பெட்டியின் மேல் இருந்த குமிழ் பொட்டு வைக்கவே படைத்த நெற்றி மாதிரி இருந்தது. கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, தடிப்பாக அப்பினார். பயணம் வந்தவர்கள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ஜெயரட்ணமும் எடுத்தார்.

"அந்தக் குமிழு என்னாத்துக்கு?" என்று தம்பையா இப்போது மகளிடம் கேட்டார்.

"மூச்சு விடுற ஓட்டைப்பா. எறக்கத்துல ஓட ஓடப் பெட்டி சூடாகும். உள்ள காத்து பெருகும். பெருகுறது அது வழியாத்தான் வெளிய போகணும். அது அடைச்சிருச்சுன்னா காத்து சீலைத் தள்ளும். எண்ணெயும் சேந்து டயர்ல எறங்கிரும்." கொஞ்சம் நிறுத்தி, "பச்சைச் சந்தனம் மட்டும்னா மழையில கரைஞ்சிருக்கும். ரோட்டுத் தூசியும் எண்ணெப் பிசுக்கும் சேந்து இறுகிப்போச்சு" என்றாள்.

தொழிற்சாலை கியர்ப் பெட்டிகளில் மூச்சுக் குழாய் கட்டைவிரல் தடிப்பில் நிமிர்ந்து நிற்கும். ஒரு வாளிச் சந்தனத்தை அப்பினாலும் அது அடையாது. இங்கே ஊசி முனை அளவு ஓட்டை ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"இதைச் சொல்லாம மறைக்கத்தான் மறந்தேன்னு சொன்னியா?"

"சாமி கும்புட்டு வண்டிய ஒடைச்ச கெழவன்னு நாடே ஒங்களப் பாத்து சிரிக்கும்பா. நான் மறந்தேன்னா அப்பிடியில்ல. பொம்பளதானே, மறந்திருப்பான்னு விட்ருவாங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைச் சுட்டது. தன் மீது விழப்போகும் சிரிப்பை நினைத்துப் பார்க்கக்கூட அவருக்கு நேரம் இருக்கவில்லை.

"என்னையப் பாத்து சிரிக்கட்டும்" என்றார். "ஒன்னைய மன்னிச்சு விட எவனுக்கும் எடம் குடுக்க மாட்டேன்."

பிறகுதான் மற்றது நினைவுக்கு வந்தது. "மத்த நாலு வண்டிக்கும் நான்தானே வச்சேன்?"

அதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள். வீடியோ முடிந்ததும் எண்ணெய் பார்க்கிற சாக்கில் ஹோட்டலுக்குப் போய், யாருக்கும் தெரியாமல் நான்கு ஓட்டைகளையும் சுத்தம் செய்துவிடலாம் என்று இருந்தாள். வண்டிகள் பதுளையில் ஹோட்டலில்தானே நிற்கும் என்று அவள் எண்ணம். அவள் சொல்லி முடிப்பதற்குள் தம்பையா கதவைத் திறந்துவிட்டார்.

"மத்த வண்டிங்க எங்க?" என்று முற்றத்திலிருந்தே கேட்டார்.

காலையிலேயே மொனராகலைக்குப் புறப்பட்டுவிட்டார்கள் என்றார் ஜெயரட்ணம். ஒருவர் விழுந்ததற்காக மற்றவர்களின் பயணத்தை நிறுத்த முடியாதே. இப்போது பசறை தாண்டியிருப்பார்கள்.

பசறைக்கு அங்கால் மொனராகலை வரை இறக்கமும் வளைவும்தான்.

"நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே. ஒரு சக்கரமும் உருளக் கூடாது."

ஏன் என்று கேட்டவருக்குத் தம்பையா உள்ளங்கையில் இருந்த கட்டியைக் காட்டினார். யார் வைத்தது, எங்கே வைத்தது, அது என்ன செய்தது என்று, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஜெயரட்ணம் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை; போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற இடமாகத் தேடி வீதிக்கே போய்விட்டார். இரண்டு பேருக்கு அடித்தும் எடுக்கவில்லை. மூன்றாவது ஆள் எடுத்தார். நல்ல காலம், பசறைக்கு அங்கால் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிற்கிறார்களாம். அங்கேயே நிற்கச் சொன்னார்.

திரும்பி வந்தபோது அவருடைய முகம் வியர்த்திருந்தது. கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டு, தம்பையாவைத் தனியே அழைத்தார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். தம்பையா உண்மையைச் சொன்னது பெரிய குணம். ஆனால் இதை வெளியே சொல்ல முடியாது. ஆயுத பூசைப் படங்களைக் கொம்பனி தன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறது. மலைநாட்டில் உங்கள் வண்டிக்கும் ஆசீர்வாதம் கிடைக்கும் என்று எழுதி, அதைப் பார்த்து ஆட்களும் வந்திருக்கிறார்கள். அந்த ஆசீர்வாதம்தான் டாக்டரின் கையை உடைத்தது என்று தெரிந்தால் கொம்பனி ஊர்ச்சிரிப்பாகிவிடும். எண்ணெய் மறந்தது என்றால் எல்லாருக்கும் விளங்கும், ஒருவருக்கும் வெட்கமில்லை. தங்கச்சி துஷாந்தினியும் சொல்லச் சம்மதித்துவிட்டாள்.

"உண்மை எண்டு ஒண்டு இருக்கு, ஐயா. சனம் நம்பக்கூடியது எண்டு ஒண்டு இருக்கு. ரெண்டாவதைச் சொல்லுறதாலை ஆருக்கு நட்டம்?"

"எம்மவளுக்கு."

"ஒரு சின்னப் பிழைதானே."

"சின்னதோ பெருசோ, அவ செய்யாதது. நான் செஞ்சது பெருசு. அதை நான் சொல்றேன். நீங்க என்னாத்துக்கு சார் நடுவுல நின்னு மாத்துறீங்க?"

அப்படியானால் தனக்கு வீடியோவே வேண்டாம் என்றார் ஜெயரட்ணம். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒங்களுக்கு வேணாம்னா சரி. எனக்கு வேணும்" என்றார் தம்பையா. "நௌபரு, ஒம் போனை எடு."

நௌபர் மனேஜரையும் பார்த்தான், தம்பையாவையும் பார்த்தான். கொம்பனிக்காக லொறி ஓட்டுகிறவன். தயங்கினான். பிறகு, "எம் போனுல கேமரா கொஞ்சம் மங்கல் அண்ணே, பரவாயில்லையா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தான். துஷாந்தினி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தம்பையா அவளைத் தன் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். அவள் அசையவில்லை. நீ நிற்காவிட்டால் நான் உனக்காகப் பரிந்து பேசுகிற கிழவன் ஆகிவிடுவேன், நின்றால் ஒரு கராஜின் இரண்டு பேர் என்றார். அவள் வந்து நின்றாள். எண்ணெய்க் கையைத் துடைக்கக்கூட இல்லை.

"நான் தம்பையா" என்று தொடங்கினார். "மடுல்சீமையில ஃபெக்டரி பிட்டரா இருந்தவன். இது எம்மவ துஷாந்தினி. விழுந்த வண்டிக்கு இவ எண்ணெ ஊத்துனா, மட்டம் பாத்தா, மூடுனா. இவ வேலையில ஒரு கொறையும் இல்ல. ஆயுத பூசையன்னைக்கு அந்தப் பெட்டி மூச்சு விடுற ஓட்டையில சந்தனத்த அப்புனது நான். அதனால சீல் பிதுங்கி எண்ணெ போயிருச்சு. ஓட்டை இருக்கான்னு இவகிட்டக் கேக்காம வச்சேன், அது எந் தப்பு. பூச போட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன். டாக்டரய்யாவ நான் நேர்ல போய்ப் பாக்குறேன். எங்கிட்டப் பொட்டு வச்ச வண்டி வேற யாருகிட்டயும் இருந்தா, அந்த ஓட்டையப் பாத்துக்குங்க. சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சுட்டாவது பாருங்க."

முடித்ததும், போதுமா என்று நௌபரைக் கேட்டார். நௌபர், நல்லா விழுந்திருக்கு அண்ணே என்றான். துஷாந்தினி அந்தப் போனை வாங்கி, தன் கையாலேயே குழுவுக்கு அனுப்பினாள். ஜெயரட்ணம் காரின் கதவைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை. "நீங்கள் பிடிவாதக்காரன், ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அதை ஒரு குற்றமாகத் தம்பையா எடுத்துக்கொள்ளவில்லை.

கம்பி, துணி, எண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு துஷாந்தினி தன்னுடைய பைக்கை எடுத்தாள். தம்பையா பின்னால் ஏறினார். வயதான ஆள், மலைப்பாதை, வேண்டாம் என்றாள். அப்பியது யார் கை என்று அவர்கள் நேரில் பார்க்கட்டும் என்றார். பதுளை டவுனைத் தாண்டி, பசறை ஏற்றத்தில் தேயிலை மலைகளுக்கு நடுவே ஏறி இறங்கினார்கள். டாக்டர் விழுந்த வளைவில் மட்டும் அவள் வேகத்தைக் குறைத்தாள். தார் மேல் ஒரு நீளமான கீறல் வெள்ளையாகத் தெரிந்தது. தம்பையா தலையைத் திருப்பிக்கொள்ளாமல், அதன் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்தார்.

தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நான்கு வண்டிகளும் நின்றன. அவர்கள் போய்ச் சேர்வதற்குள் வீடியோ போய்ச் சேர்ந்திருந்தது. கடைப் பெஞ்சில் இருந்தவர்களில் இருவர் போனையும் தம்பையாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து வந்த ஓர் இளைஞன், தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியை நீட்டினான். "அங்கிள், எனக்கும் ஒரு பொட்டு வச்சு விடுங்களேன். எனக்கும் மூச்சு நிக்குதா பாப்பம்."

எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். தம்பையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர்கள் சிரித்து முடியும் வரை நின்றார்.

"முடிஞ்சுதா தம்பி? இப்ப இங்க வந்து பாருங்க" என்று அவனுடைய வண்டிக்கே கூட்டிக்கொண்டு போனார். பின்பெட்டியின் மேல் அவர் கட்டைவிரலின் ரேகையே பதிந்து காய்ந்திருந்தது. துஷாந்தினி குந்தி, கம்பியின் முனையை அதற்குள் விட்டு நெம்பினாள்.

புஸ் என்று வந்தது சத்தம். சூடான எண்ணெய் ஆவி அவளுடைய மணிக்கட்டில் பட்டு, கையை உதறிக்கொண்டாள். ஓட்டையைச் சுற்றி எண்ணெய் நுரைத்துப் பொரிந்து அடங்கியது. இளைஞனின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.

அடுத்த வண்டியின் சீல் ஏற்கெனவே ஈரமாகிவிட்டிருந்தது. டயரின் உள்விளிம்பில் பளபளவென்று ஒரு கோடு. இதை இனி ஓட்ட முடியாது, லொறியில்தான் போக வேண்டும் என்றாள் துஷாந்தினி. அந்த வண்டிக்காரர் நடுத்தர வயது ஆள். விரலால் அந்தக் கோட்டைத் தொட்டு, முகர்ந்து பார்த்தார். கீழே இறங்கிப் போகும் வீதியைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் தம்பையாவுக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். தம்பையா வேண்டாம் என்றார். உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று வண்டிக்காரர் சொன்னபோது, என் கையால் வந்த ஆபத்துக்கு எனக்கு நன்றி வேண்டாம், இருந்தால் அவளிடம் சொல்லுங்கள் என்று மகளைக் காட்டினார்.

மூன்றாவது வண்டிக்குப் போகும்போது அவளுடைய போன் அதிர்ந்தது. துடைக்காத கையோடு பார்த்தாள். பார்த்துவிட்டுத் தகப்பனிடம் நீட்டினாள். ஜெயரட்ணம் அனுப்பியிருந்தார். நாலு பேரையும் காப்பாற்றினதற்கு நன்றி; மேலிடத்து முடிவின்படி அடுத்த பயணத்திலிருந்து வண்டிகள் கண்டிக்குப் போகும்; மன்னிக்கவும்.

கொம்பனியின் ஐந்து வண்டிகள் போனால் கராஜில் பாதி வேலை போன மாதிரி. அது இருவருக்கும் தெரியும். தம்பையா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கண்டியில நல்லாத்தான் பாப்பாங்க" என்றார். "மிச்சத்த முடி."

அவள் முடித்தாள். ஒவ்வொரு ஓட்டையிலும் கம்பி விட்டு, ஊதிப் பார்த்து, எண்ணெய் மட்டம் பார்த்து, ஆணியை இறுக்கி, துடைத்து, அந்தந்த வண்டிக்காரரை அழைத்து விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர்களும் குந்தித் தொட்டுப் பார்த்தார்கள். பாதி வேலையில் அந்தக் குழுவில் எழுதப்படுவதையெல்லாம் ஒருவர் சத்தமாக வாசித்தார். சிலர் சிரித்து எழுதியிருந்தார்கள். ஒருவர் கிழவனைக் கோயிலுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆள், என் வண்டியையும் போன வருடம் அங்கேதான் செய்தது, இப்போது போய்ப் பார்த்தேன், சந்தனம் இருந்தது, எடுத்துவிட்டேன், அந்தப் பெண்ணின் நம்பரை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். தம்பையா எதற்கும் முகம் மாறவில்லை. துஷாந்தினி எண்ணெய் மறந்தவள் என்று அதில் ஒருவரும் எழுதவில்லை. அதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

கடைசி வண்டியின் ஆணியை அவள் இறுக்கிக்கொண்டிருந்தபோது வெள்ளவத்தை இளைஞன் மெல்ல வந்து பக்கத்தில் நின்றான். இப்போது குரலில் கேலி இல்லை.

"அங்கிள், அடுத்த வருஷமும் பொட்டு வைப்பீங்களா?"

"வைப்பேன்" என்றார் தம்பையா. "ஏன் வைக்காம? எங்க வைக்கிறதுன்னு எம்மவ சொல்லுவா."

"மட்கார்டுல" என்றாள் துஷாந்தினி, ஸ்பெனரிலிருந்து கண்ணை எடுக்காமலே.